முன்னிலையில் ஒரு சொல்

எஸ்பெராந்தோ எந்த நாட்டிலும் தானாகப் பிறந்த மொழியன்று; ஒரு மனிதர் சிந்தித்து ஆக்கியது. 1859இல் பியாலிஸ்டோக் நகரில் பிறந்த சாமன்ஹோஃப் என்னும் யூதரே அவர், கண் மருத்துவர். உருசியரும் போலந்தியரும் செருமானியரும் யூதரும் வாழ்ந்த அவ்வூரில் மொழியே மனிதரைப் பிரித்து நிறுத்தியதைச் சிறுவயதில் கண்டு வருந்தியவர், எல்லார்க்கும் பொதுவான மொழியொன்றை 1887இல் வார்சா நகரில் சிறு நூலாக வெளியிட்டார்.

சென்ற ஆண்டு அதைக் கற்கத் தொடங்கினேன். 'மி' என்றால் நான். 'நி' என்றால் நாம். 'கியு' யார், 'தியு' அவர், 'நெனியு' ஒருவருமிலர். தொடக்கம் மாறப் பொருள் மாறும் இம்முறை நம் அவன், இவன், எவன் போலவே இருக்கக் கண்டு மகிழ்ந்தேன்.

முன்னிலைக்கு வந்தபோதுதான் திகைத்தேன். 'வி' என்ற ஒரே சொல். ஒருவரானாலும் பலரானாலும், ஏவலரானாலும் அரசரானாலும் 'வி'தான். நெருங்கியவரை விளிக்க வேறொரு சொல் உண்டெனினும் வழக்கில் மிக அரிது. அந்த முதல் நூலிலேயே ஆண்டவர் கற்பித்த செபமும் இடம்பெற்றுள்ளது. விண்ணகத் தந்தைக்கும் அதே 'வி'!

நூலை மூடிவிட்டு என் பேச்சை எண்ணிப் பார்த்தேன். இறைவனுக்கு 'நீர்' என்கிறேன், பங்குத்தந்தைக்குத் 'தாங்கள்'. ஆலய முற்றத்தைப் பெருக்கும் மூதாட்டிக்கோ 'நீ'. அவர் என் தாயினும் மூத்தவர். இருபது ஆண்டுகளாக ஒருநாளும் அது என் நாவில் உறுத்தியதில்லை.

மறுநாள் காலை அவரிடம், "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்றேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏங்கய்யா, எம்மேல ஏதும் கோபமா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. மரியாதையை நான் அவர்க்கு எவ்வளவு அந்நியமாக்கி வைத்திருந்தால், அது வந்தபோது அவர் அதைச் சினமென்று எண்ணியிருப்பார்! "கோபமில்லை; இத்தனை நாளும் தவறாகப் பேசிவிட்டேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தலையைக் குனிந்து மீண்டும் பெருக்கலானார்.

சாமன்ஹோஃப் உயர்வு தாழ்வில்லாத ஒரு சொல்லை ஏட்டில் எழுதி வைத்துவிட்டார். நானோ அதை நாள்தோறும் காலையில் அந்த முற்றத்தில் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. சில நாள்களில் பழைய 'நீ' வாய் தவறி வந்துவிடுகிறது. அப்போது அவர் முகம் தெளிவதைக் காணும்போதுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.