ஃபேன் சுத்துது

2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாலக்கரையில் ஓர் ஒர்க்ஷாப். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பத்தொன்பது வயதிருக்கும் பையன் ஒருவன்தான் என் வண்டியின் குறைகளைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"வண்டி நிக்கிறப்ப ரேடியேட்டர் ஃபேன் சுத்துதா சார்?"

"அதெல்லாம் நல்லா சுத்துது தம்பி" என்றேன்.

நான் பார்த்ததே இல்லை. இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கமே எனக்குக் கிடையாது. ஆனால் கார் விஷயத்தில் விவரம் தெரிந்தவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் மாமனாரின் அம்பாசடரைப் பதினோரு வருஷம் ஓட்டியவன். ஒரு சின்னப் பையனிடம் "தெரியலப்பா, பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சீட்டில் 'ஃபேன் ஓகே' என்று எழுதினான். அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த ஃபேனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி 1998 மாடல் மாருதி 800. ஏசி இல்லாதது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பக்கம் என் மனைவியும் மச்சினியும் நடத்தும் சின்ன மெஸ்ஸுக்கு, வாரம் இரண்டு நாள் காந்தி மார்க்கெட்டில் காய்கறி எடுத்து வருவதுதான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம். மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம், மெயின்கார்டு கேட், மேலப்புலிவார்டு ரோடு. (புலிக்கும் அந்த ரோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெள்ளைக்காரனின் 'பூலவார்டு' நம் ஊர் வாயில் புலியாகிவிட்டது.) மெயின்கார்டு கேட் வரை டெம்பரேச்சர் முள் நடுவுக்குக் கீழேதான் நிற்கும். அதன் பிறகு லோடு ஆட்டோவும் தள்ளுவண்டியும் கொத்தமல்லிக் கட்டும் மனிதத் தலைகளுமாக வண்டி ஊரத் தொடங்கும்போது முள்ளும் ஏறத் தொடங்கும். சில நாள் ஏறும். சில நாள் ஏறவே ஏறாது. இந்த 'சில நாள்'தான் என்னை ஆட்டிவைத்தது. எப்போதும் கெட்டிருக்கும் சாமான் சீக்கிரம் பிடிபட்டுவிடும். இது அப்படி இல்லை. பாலக்கரைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக நிற்கும்.

ரேடியேட்டர் மூடியை மாற்றினோம். அது உருப்படியான சந்தேகம்தான். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி தளர்ந்தால் சீக்கிரமே பொங்கிவிடும். எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருந்தேன் என்பதால், சட்டி அடியில் படிவது போல ரேடியேட்டருக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதையும் கழற்றிச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி ஏறியது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஊரே இரண்டு முறை எனக்காகச் சோதனை நடத்திக் காட்டியது. நான்தான் படிக்கவில்லை.

முதல் முறை 2020இல். கொரோனாவில் காந்தி மார்க்கெட்டை மூடி, பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மொத்தக் காய்கறி வியாபாரத்தை மாற்றினார்கள். திருவானைக்கோவிலிலிருந்து பைபாஸில் ஏறினால் காற்று முகத்தில் அடிக்கும். இறங்கினால் திறந்த மைதானம். அந்த மாதங்களில் ஒருநாள்கூட வண்டி ஹீட் ஆகவில்லை. காரணம் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஊரடங்கில் ஒர்க்ஷாப் மூடியிருந்தபோது, பாயிடம் கேட்காமல் நானே இரண்டு போல்ட்டைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்திருந்தேன். அந்தக் காலத்து டிரைவர்களின் வைத்தியம் அது. இன்ஜின் 80 டிகிரிக்குச் சற்று மேலே போகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கிற வால்வு தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் வெதுவெதுப்பிலேயே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். லிட்டருக்குப் பதினேழு கொடுத்த வண்டி பதினான்குக்கு வந்தது. போகட்டும், ஹீட் நின்றதே என்று பெருமைப்பட்டேன். அந்த ஆண்டின் கடைசியில் மார்க்கெட் பழைய இடத்துக்குத் திரும்பியது. தை பிறப்பதற்குள் முள்ளும் பழைய இடத்துக்குத் திரும்பியது. பாய் வாட்டர் பம்பை மாற்றினார். தெர்மோஸ்டாட் சங்கதியை நான் அவரிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டாம் முறை, 2022இல் மராமத்துக்காகக் காவிரிப் பாலத்தை மூடியபோது. மறுபடியும் பைபாஸ். பால்பண்ணையில் இறங்கி வெங்காய மண்டியில் சின்ன வெங்காயம் எடுத்துக்கொண்டு, வரகனேரிப் பக்கமே வண்டியை ஓரம்கட்டிவிட்டு, மீதிக் காயை ஆள் வைத்துத் தூக்கிவரச் சொல்வேன். மறுபடியும் வண்டி குளிர்ந்துவிட்டது. ராஜகோபுரத்து டீக்கடையில் நான் கொடுத்த பிரசங்கங்களை நல்லவேளையாக யாரும் ரெக்கார்டு செய்யவில்லை. "வாட்டர் பம்ப்தாங்க. நான் அன்னைக்கே சொன்னேன்."

ஓடுகிற காருக்கு எதிர்க்காற்றே ஃபேன். நின்றால்தான் மின்விசிறி வேண்டும். அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் மாட்டியிருக்கும், இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். 800இல் அது தனி மோட்டார். சூடு ஏறினால் ஒரு சுவிட்ச் அதை முடுக்க வேண்டும். ரோட்டில் ஏறாத சூடு நெரிசலில் மட்டும் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்தப் பையன் முதலில் கேட்டதும் அதைத்தான்.

2023 மார்ச்சில் பாலம் திறந்தார்கள். சித்திரையில் ஒருநாள் சம்பந்தி ஊரிலிருந்து வந்திருந்தார். மார்க்கெட் பார்க்க வேண்டும் என்றார். பாலம் நெடுக என் வண்டியின் பராமரிப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனேன். மார்க்கெட்டுக்கு முன்னால், போர் நினைவுச் சின்னம் கண்ணில் படும்போது முள் சிவப்பைத் தொட்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். இடமும் இருந்தது. நிறுத்தினால் ஆவி கிளம்பும், தண்ணீர் பாட்டிலோடு நாலு பேர் ஓடிவருவார்கள், சம்பந்தி இறங்கி வெயிலில் நிற்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை லேசாக நகர்த்தி முள்ளை அவர் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டு, இன்னும் பத்து நிமிஷம் ஊர்ந்தேன். பிறகு வண்டி தானாக நின்றது.

பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் ஸ்டிக்கை உருவினால் பால் கலந்த காப்பி நிறம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, அலுமினிய ஹெட் வளைந்திருந்தது. லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட்டு வர நாலு நாள்.

"முள்ளு ஏறுனதும் நிறுத்துனீங்களா?" என்றார் பாய்.

"ஏறவே இல்ல பாய். திடீர்னு நின்னுருச்சு."

"தெர்மோஸ்டாட்ட யாரு கழட்டுனது?"

"எனக்கு வித்தவரு கழட்டியிருப்பாரு." அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஹெட்டை மாட்டி, புது தெர்மோஸ்டாட்டும் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. முள் நடுவைத் தாண்டியது. பாய் குனிந்து பார்த்தார். ஃபேன் அசையவில்லை. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டார் மேல் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. கார்பன் தேய்ந்திருக்கிறது, சில நாள் ஒட்டும், சில நாள் ஒட்டாது என்றார். நாலு வருஷத்தில் நான் செய்த செலவோடு பார்த்தால் அந்த மோட்டாரின் விலை ஒன்றுமே இல்லை.

பாய் நிமிர்ந்து பையனைப் பார்த்தார். இப்போது அவனுக்கு மீசை நன்றாக வளர்ந்திருந்தது. "ஏன்டா, மொத மொதல்ல இந்த வண்டி வந்தப்பவே ஃபேன் ஓகேன்னு நீதானே சொன்னே? பாத்தியா, பாக்காமயே சொன்னியா?"

பையன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கிக்கொண்டிருந்தது.

"பாக்கல பாய்" என்றான்.

கஸ்டமர் முன்னாலேயே அவனுக்கு நன்றாகக் கிடைத்தது. நாலு வருஷக் காசு, ஒரு ஹெட், ஒர்க்ஷாப்பின் பெயர் எல்லாம் அவன் தலையில் இறங்கின. நான் பெரிய மனுஷனாக, "விடுங்க பாய், சின்னப் பையன்" என்றேன். பாய் கூலியில் எண்ணூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஆயில் மாற்றப் போனபோது அவனைக் காணோம். எங்கே என்று விசாரித்தேன். வேலையை விட்டுவிட்டு சேலம் பக்கம் போய்விட்டான் என்றார் பாய்.

"எதுக்கு சார் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.