ஈரக்கரண்டி

குமாரலிங்கபுரத்தில் ஈரம் அபூர்வம். ஐப்பசி மழை நாட்களில் ஊறுகாய் ஜாடியின் மேல் படரும் வெண்படலம்தான் நான் அறிந்திருந்த ஒரே பூசணம். “ஈரக்கரண்டியப் போட்றாதய்யா” என்பாள் அப்பத்தா. அவள் அறிந்த தடுப்பு மருத்துவம் அவ்வளவுதான்.

2021 மே மாதம் சித்தப்பாவுக்குக் கொரோனா கண்டது. இருபது வருடச் சர்க்கரை நோயாளி. மதுரையில் ஒன்பது நாட்கள் ஆக்சிஜனில் கிடந்து மீண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். இருமல் அடங்காததால், அதே சீட்டைக் காட்டி மேலும் பத்து நாட்களுக்கு வாங்கி வந்தேன். எந்த மருத்துவரையும் கேட்கவில்லை. சர்க்கரை அளவையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் “கன்னம் மரத்துப்போச்சு தம்பி” என்றார். மறுநாள் மூக்கிலிருந்து கருமையாக வடிந்தது. இடது இமை தொங்கிவிட்டது.

‘கருப்புப் பூஞ்சை’ என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் அந்தப் பூஞ்சை கருப்பல்ல. மண்ணிலும் மட்கிய தழையிலும் வாழ்வது. அதன் வித்துகளை நாம் அன்றாடம் சுவாசிக்கிறோம். சர்க்கரை ஏறி, ஸ்டீராய்டால் எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில் அது ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அடைக்கிறது. ரத்தம் எட்டாத சதை செத்துக் கருகுகிறது. கருப்பு, நம் சதையின் நிறம்தான்.

அந்தக் கோடையில் நாடெங்கும் 40,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. ஆம்ஃபோடெரிசின் ஊசிமருந்துக்கு ஊர் ஊராக அலைந்தோம். 1950களில், வெனிசுவேலாவின் ஒரினோகோ நதிப்புறத்து மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து அது. மண்ணிலிருந்து வந்த நோய்க்கு மருந்தும் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. சித்தப்பா பிழைத்தார். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஸ்டீராய்டின் மேல் பழிபோட எனக்கு மனமில்லை. ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் மரணங்களை அது குறைத்தது என்பதை 2020இல் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு காட்டியது. ஆனால் அங்கே கொடுத்தது குறைந்த அளவில், அதிகபட்சம் பத்து நாட்கள். ரத்தப் புற்றுநோயாளிகளின் வார்டுகளில் காற்றை வடிகட்டுவதும், அருகே கட்டட வேலை நடந்தால் தூசி நுழையாமல் அடைப்பதும், பூந்தொட்டிகளை விலக்குவதும் பூஞ்சைக்கு அஞ்சித்தான். வீட்டுக்குத் திரும்பிய நோயாளிக்கோ அந்தக் காவல் எல்லாம் வீட்டாரின் கையில்தான். எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது.

இரண்டாம் முறை மாத்திரை வாங்கியது பற்றிச் சித்தப்பா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தச் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘5 நாள்’ என்று அதில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது.