சிலந்தியின் மேல் ஒரு பழி

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, அம்மாவின் கழுத்தின் இடப்புறம் சிவப்பாய் ஒரு கோடு தென்பட்டது. மாலைக்குள் அந்தக் கோடு நெடுகச் சிறு கொப்புளங்கள் எழும்பிவிட்டன. தீயில் சுட்டதுபோல் எரிகிறது என்றாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டே, "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெஞ்சிருக்குடா" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் குளியலறையில் ஒரு மாதமாக ஒரு பெரிய சிலந்தி குடியிருந்தது. பழுப்பு நிறம், கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம். பகலில் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரவில் விளக்கைப் போட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அன்றிரவு விளக்குமாற்றால் அதை அடித்துக் கொன்றேன். ஒரே அடியில் சாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றுக்கு அடியில் வட்டமான வெள்ளை வில்லை போன்ற ஒன்றை அது அணைத்துப் பிடித்திருந்தது. ஓடிய போதும் அதை விடவில்லை. அது முட்டைப்பை என்றும், அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும் என்றும் எனக்குத் தெரிய வந்தது பிற்பாடுதான்.

இரண்டு நாள் கழித்து அம்மாவைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, "ராத்திரி சன்னலைத் திறந்துவைத்து விளக்குப் போடுவீர்களா? பக்கத்தில் வயல் இருக்கிறதா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்றேன். அவர் ஒரு படத்தைக் காட்டினார். எறும்பைப் போல நீண்டு, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த ஒரு சிறு வண்டு. அரை அங்குல நீளம்கூட இராது. மழைக்காலத்து இரவுகளில் வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வரும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. உடம்பில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்த்தால், அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலைப் புண்ணாக்கிவிடும். தேய்த்த தடம்தான் கோடு. அதுவும் உடனே தெரியாது; ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே சிவக்கும். அதற்குள் வண்டை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? கண்ணெதிரே சுவரில் இருப்பது சிலந்தி. பழி அதன்மேல் விழுகிறது.

அந்த வண்டும் நெற்பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுகிற ஒன்றாம். ஆக, கொப்புளத்துக்குக் காரணம் நசுக்கிய கை.

வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். இது என் தொழிற்பழக்கம். சிலந்தி என்ற சொல்லுக்கு எட்டுக்கால் உயிர் என்பதோடு கட்டி, கொப்புளம் என்ற பொருளும் இருக்கிறது. உயிருக்கும் புண்ணுக்கும் ஒரே பெயர். விசாரணையே இல்லாமல் மொழி எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது, அம்மா அதை வாசித்தாள், நான் நிறைவேற்றினேன். தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இதில் இரட்டை வெட்கம்.

அடுத்த வாரம் வகுப்பில் பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழர் வரலாறு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இறைவன்மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலை பின்னி மேற்கட்டி அமைக்கிறது. வழிபட வந்த வெள்ளானை, வலையைத் தூய்மைக்கேடென்று எண்ணி அழிக்கிறது. மறுநாள் சிலந்தி மீண்டும் பின்னுகிறது; யானை மீண்டும் அழிக்கிறது. சினந்த சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மடிகின்றன. சிலந்தி சோழனாகப் பிறந்து ஆலயங்கள் எழுப்புகிறது. ஒரு மாணவி எழுந்து, "யானை செய்ததில் என்ன தவறு ஐயா? அதுவும் அன்பால்தானே சுத்தம் செய்தது?" என்றாள். வழக்கமாக இந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் ஓர் உரை உண்டு. அன்று அது வாயில் வரவில்லை. யானையாவது தன் கண்ணால் கண்டதை நம்பி வலையை அழித்தது. நான் கேட்டதை நம்பி உயிரை அழித்தேன்.

அம்மாவுக்கு ஒட்டடை ஆகாது. ஒட்டடை தொங்கும் வீட்டில் மூதேவி வந்துவிடுவாள் என்பாள். அறுபது ஆண்டுகள் வீடு பெருக்கிய கை அது. அதன் பக்தியையும் நான் குறை சொல்ல முடியாது. குளியலறைச் சிலந்தி வலையே பின்னாத இனம், ஓடிப் பிடித்து வேட்டையாடுவது என்று சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில், "கரப்பான் ரொம்பப் பெருத்துப் போச்சு" என்று தானாகவே முணுமுணுத்தாள். சன்னல்களுக்கு வலை அடித்தோம். படுக்குமுன் விளக்கை அணைக்கிறோம். பெரிய சிலந்தி எதுவும் கண்ணில் பட்டால் டம்ளரால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகித் தோட்டத்தில் விடுவதென்று ஏற்பாடு.

போகிக்கு முந்தின நாள் ஒட்டடைக்கோலோடு முக்காலிமேல் ஏறினேன். தூசி படிந்து கிடந்த பழைய வலைகளையெல்லாம் அடித்தாயிற்று. பூசையறை மூலையில் மட்டும் கால் நீண்ட மெல்லிய சிலந்தி ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கோல் பட்டதும் உருவம் மங்கும் வேகத்தில் வலையோடு சேர்ந்து தன்னை உலுக்கிக்கொண்டது. வாயில் முட்டைத் திரள். கோச்செங்கணானின் தாய் கமலவதி, ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று காலக்கணிதர் சொன்னதைக் கேட்டு, தன்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்கச் சொன்னவள். பிள்ளையின் முகம் கண்டதும் உயிர் விட்டவள். கோலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அந்த மூலைய ஏண்டா விட்டுட்டே?" என்றாள் அம்மா கீழேயிருந்து.

சொன்னேன். மங்கிய கண்களைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்தாள். பிறகு, "சரி, குஞ்சு பொரிச்சதும் அடிச்சுரு" என்றாள்.

தை பிறந்து பல நாட்களாகின்றன. அந்த மூலையை நான் இன்னும் அடிக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.