அடியட்டைக்குள் ஓர் ஓலை

காவிரிக் கழிமுகத்தில் பிறந்து, வண்டல் மண்ணும் பெரும் பண்ணையும் சேர்ந்த இடத்திலேதான் ஜாதிக் கொடுமை முற்றி விளையும் என்று சிறு வயது முதலே நம்பி வந்த எனக்கு, கிணறு வெட்டியும் தறி ஓட்டியும் தன் கையால் பிழைக்கிற கொங்கு நாட்டின்மேல் ஒரு பக்ஷபாதம் உண்டு. உழைப்பை மதிக்கிற ஜனங்கள் உழைக்கிறவனையும் மதிப்பார்கள் என்பது என் சித்தாந்தம். கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு, ஓடாநிலையில் தீரன் சின்னமலையின் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, அறச்சலூர்ப் பக்கம் ஒரு நாற்சந்தியில் பஸ்ஸுக்காக வந்து நின்றது வரையில் அந்தச் சித்தாந்தத்துக்கு யாதொரு பங்கமும் நேரவில்லை. அங்கேதான் என் செருப்பின் வார் அறுந்தது.

புளியமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் செருப்பை வாங்கிப் புரட்டினார். ஓடாநிலைக்குப் போய்வந்தேன் என்று நானாகவே பெருமையாகச் சொன்னேன். "சின்னமலையைப் பார்த்தீங்க, செரி. பொல்லானைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

அருந்ததியர் குலத்தில் பிறந்த பொல்லான் சின்னமலைக்கு ஒற்றனாயிருந்து, கும்பெனிப் பட்டாளத்தின் உத்தேசங்களை ஓலையில் எழுதி, அதைச் செருப்பின் அடிக்குள் வைத்துத் தைத்து அனுப்பினான் என்பதும், குட்டு வெளிப்பட்ட பிறகு, 1805-இல், சின்னமலை சங்ககிரியில் தூக்கிலேறுவதற்குச் சில நாள் முன்னதாக, ஆடி முதல் தேதியன்று நல்லமங்காபாளையத்தில் கொல்லப்பட்டான் என்பதும் அந்த ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற விருத்தாந்தம். பெரியவர் அதை வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. உளியின் முனையைச் செருப்பின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். மேல்தோலும் அடியட்டையும் மீன் வாயைத் திறப்பதுபோலப் பிரிந்தன. என் பஸ் டிக்கெட்டை வாங்கி நாலாக மடித்து உள்ளே செருகி, பசை தடவி, குத்தூசியால் நாலு தையல் இழுத்து, மெழுகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நீட்டினார். வளைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்று இருக்கிற சுவடே தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஓர் இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. "இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்குதுங்க? ஓட்டுக்காகக் கட்டுன கதை" என்றார் என்னைப் பார்த்து, பெரியவரை அவர் பார்க்கவேயில்லை. பெரியவரோ நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டே, "மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சின்னமலை வழிமறிச்சுப் புடுங்குனதை மொதல்ல எந்தப் புஸ்தகத்துலீங்க படிச்சீங்க? உங்க பாட்டி சொல்லித்தானுங்களே?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு கதைகளும் பாட்டிமாரின் வாய் வழியாகவே வந்தவை. ஒன்றுக்குச் சரித்திரம் என்றும் மற்றதற்குக் கட்டுக்கதை என்றும் பெயர் சூட்டுகிற அதிகாரம் மாத்திரம் ஒரு தரப்பாரிடமே இருந்து வந்திருக்கிறது. அருந்ததிய மக்கள் பல்லாண்டுகள் மன்றாடியதன் பயனாக, ஜெயராமபுரத்தில் பொல்லானுக்கு அரசாங்கமே சிலையும் அரங்கமும் எழுப்பிவிட்ட செய்தியை நான் எடுத்துச் சொன்னேன். இளைஞர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீர புருஷர்களின் கையில் கத்தியும் கேடயமும் இருப்பதே வழக்கமாயிருக்க, இந்த மனிதனின் ஆயுதம் செருப்பாக இருந்தது என்பதில் எத்தனை பெரிய பழி தீர்த்தல் அடங்கியிருக்கிறது என்பது, ராஜாவூர் சங்கதியைப் பெரியவர் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. திருப்பூர் ஜில்லாவில் மடத்துக்குளம் வட்டத்தைச் சேர்ந்த அந்தக் கிராமத்தில் கம்பள நாயக்கன் தெரு என்று ஒன்று, சுமார் 300 மீட்டர் நீளம். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களின் ஜாதியார் அதில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்றிருந்தது. சுதந்திரம் வந்து தீண்டாமையைச் சட்டம் தடுத்த பிற்பாடு, தெருவுக்கடியில் மந்திரித்த பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு மிதித்த தலித் மூன்று மாதத்துக்குள் செத்துப்போவான் என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டார்கள். சட்டம் எடுத்துக் கொடுத்த தெருவைப் பொம்மை திரும்பப் பறித்துக்கொண்டது. 2023 டிசம்பரில் தலித் மக்கள் சுமார் 60 பேர், தீண்டாமை ஒழிப்பு முன்னணி முதலான இயக்கத்தார் உடன்வர, காலில் செருப்போடு அந்தத் தெருவை நடந்து கடந்தார்கள். பொல்லானை நினைத்துத்தான் நடந்தார்கள் என்று நான் முடிச்சுப் போடவில்லை. பெரியவருடைய மனசில் மட்டும் அந்த ஓலையும் இந்த நடையும் ஒரே செருப்பின் இரண்டு தையல்களாக இருந்தன.

இதற்குள் எதிர்க் கடையிலிருந்து இருவருக்கும் தேநீர் வந்தது, காகிதக் கோப்பையில். டபரா டம்ளரில் ஆற்றிக் குடித்துப் பழகிய தஞ்சாவூர்க்காரன் நான். காகித வாடை அடிக்கிறது என்று குறைபட்டுக்கொண்டேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"போன ஆடி வரைக்கும் உங்களுக்குக் கண்ணாடி கிளாஸுதானுங்க வந்திருக்கும். எங்களுக்குத்தான் காயிதம்."

அவருடைய பேத்தி, 2009-ஆம் வருஷத்துச் சட்டம் அருந்ததியருக்கு அளித்த 3 சதவிகித உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றுக் கோயம்புத்தூரில் காலேஜ் படிப்பவள், ஆடி முதல் தேதி பொல்லானுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பியவள், நேரே அந்தக் கடைக்குப் போய்க் கண்ணாடி கிளாஸில் டீ கேட்டிருக்கிறாள். வாக்குவாதம் முற்றி, வன்கொடுமைச் சட்டத்தில் கேஸ் போடுவேன் என்று அவள் சொல்லவே, கிளாஸைக் கொடுக்க மனமும் கேஸை எதிர்கொள்ளத் துணிவும் இல்லாத கடைக்காரர் கிளாஸ்கள் அத்தனையையும் உள்ளே தூக்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஊர்ப் பெரிய மனிதர்களும் காகிதத்தில்தான் குடிக்கிறார்களாம். சமத்துவம் இப்படிப்பட்ட வேஷத்திலும் வரும் என்று நான் எண்ணியதில்லை.

"பேத்திக்கு இது பத்தலீங்க" என்றார் பெரியவர். "கண்ணாடி கிளாஸே வரோணுமாம், அத்தனையும் ஒரே குண்டாத் தண்ணியில கழுவோணுமாம். திங்கக்கெழம ஈரோடு கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோட போறா. மனுவுல பொல்லான் பேரையும் எழுதியிருக்காளுங்க. டீக் கிளாஸுக்கு அவரு எதுக்காயான்னு கேட்டா, அது இருக்கட்டுந் தாத்தான்னுட்டா."