மலையடிவாரத்தில் கற்ற புதினம்

ராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் வழியில் மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை நீலத் திரையிட்டாற்போல் நெடுகத் தோன்றும். அம்மலையைக் கண்முன் வைத்துக்கொண்டு கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யைப் படிப்பது எனக்குத் தனி இன்பம். மலையும் காடும் பாழ்ங்கோட்டையும் அக்கதையின் களம் ஆதலின், ஏட்டில் உள்ளதும் எதிரே உள்ளதும் ஒன்றாகிவிடும்.

1947-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்புதினம் அளவிற் சிறியது. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம் என்னும் இளைஞன், காவலர் கையில் அகப்படாது தப்பி, மலைச்சாரலில் உள்ள இடிந்த கோட்டை ஒன்றில் ஒளிகின்றான். பொன்னம்மாள் என்னும் சிற்றூர்ப் பெண் அவனுக்கு உணவளித்துக் காக்கின்றாள். அக்கோட்டையிலே அவன் முற்காலக் காட்சிகளைக் காண்கின்றான். அக்காட்சிகளில் அவனே ஆங்கிலேயரை எதிர்த்த உலகநாதத் தேவன். பொன்னம்மாளே இளவரசி மாணிக்கவல்லி! கண்டது கனவா, முற்பிறவி நினைவா? இம்மருமம் நம்மை ஏட்டைக் கீழே வைக்கவிடாது.

“ஐயா, இக்கதையில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு?” என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான். நல்ல வினா! சோலைமலைக் கோட்டையும் மாறனேந்தல் அரசும் ஆசிரியரின் கற்பனை. ஆனால், பாளையக்காரர் போர் கற்பனை அன்று. ராசபாளையத்திற்குத் தெற்கே உள்ள நெற்கட்டுஞ்செவலில் இருந்து ஆண்ட பூலித்தேவர், 1755-ஆம் ஆண்டிலேயே கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது உடன்பிறந்தார் 1801-ஆம் ஆண்டில் திருப்பத்தூரில் அம்முடிவையே எய்தினர். பாளையங்கள் தமக்குள் பகைத்து நின்றமையும், அப்பகை அயலாருக்குப் படிக்கல் ஆனமையும் வரலாறு கூறும் உண்மைகள்.

அவ்வாறாயின் கனவு எதற்கு? வரலாறு நிகழ்ச்சிகளையும் ஆண்டுகளையும் நிரல்படக் கூறும். தோற்றவர் நெஞ்சில் கனன்ற தீ எங்கே போயிற்று என்று கூறுதல் அதற்கு எளிதன்று. அதைக் கூறவே கல்கி கனவைத் துணைக்கொண்டார். தூக்குக் கயிறு உடலைத்தான் மாய்க்கும். உரிமை வேட்கை மீண்டும் பிறக்கும் என்பதே அக்கனவின் பொருள். பாளையக்காரர் காலத்து வீரனும் 1942-ஆம் ஆண்டு இளைஞனும் ஒருவனே என்று படிப்போர் உணர்கின்றனர்.

வியப்பையும் வரலாற்றையும் ஒருங்கே போற்றுதல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளுடன் வானளாவ நிற்கின்றது. தமிழக அரசின் இலச்சினையை அணிசெய்வதும் கோபுரமே. துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை, மாலை சூடிக்கொடுத்து, அரங்கனுடன் கலந்தாள் என்னும் வரலாற்றை இங்குள்ள ஏழையும் செல்வரும் உள்ளம் உருகக் கேட்பர். கோபுரத்தின் உயரத்தை அளக்கலாம். ஆண்டாளின் அன்பை அளக்க எந்தக் கோல் உண்டு? எனினும், பாசுரம் பாடிய அப்பெண் இல்லையேல் அவ்வூருக்குப் புகழ் ஏது?

ஆயினும், மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. புதினத்தின் சுவையில் மயங்கி, அதன் மாந்தர் அனைவரையும் வரலாற்று மாந்தர் எனக் கொள்ளலாகாது. அவ்வாறு கொண்டால், உண்மையில் உயிர் துறந்தோரின் பெயர்கள் கற்பனைப் பெயர்களுக்குப் பின்னே மறைந்துபோகும். புதினத்தை மூடியதும் வரலாற்று நூலைத் திறவுங்கள். மெய் இது, புனைவு இது எனப் பகுத்தறிந்த பின்னர் மீண்டும் புதினத்தைப் படியுங்கள். அப்போது அதன் சுவை குன்றுவதில்லை. புனைவு எந்த உண்மைக்காகப் பிறந்தது என்பது விளங்குவதால், முன்னினும் மிகும்.