அப்பா ஒரு முறைதான் சொன்னார்

உலு பெண்டுலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் அலையில் வெப்பமானியைக் குத்தி வைத்ததுபோல ஒரு சின்னப் படம். மணி ஏழே கால். எட்டரைக்கு சிரம்பானில் அம்மாவுக்கு இருதய மருத்துவரிடம் தேதி. அந்தத் தேதிக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். அம்மா மருத்துவ அட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் கண்ணை மூடியிருந்தார். அப்பா பின்னால் இருந்தார்.

"என்னமோ இனிப்பா ஒரு வாடை வருதேம்மா. ஓரமா நிறுத்து."

"மேட்ட ஏறிட்டா அந்தப் பக்கம் இறக்கம்தான்பா. பாரோய் போயி பாத்துக்கலாம்."

அப்பா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கோலப்பிலாவிலிருந்து சிரம்பானுக்கு வருகிறவர்களுக்கு புக்கிட் புத்துஸ் தெரியும். புதிய சாலை வந்தபின் பழைய வளைவுகள் குறைந்துவிட்டன. ஏற்றம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பானட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. கார் இரண்டு முறை குலுங்கி நின்றது. நாற்பது ஆண்டுகளுக்குமேல் தோட்ட லோரி ஓட்டியவரை பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, நான் எஞ்சினைக் கொன்றிருந்தேன்.

அந்தக் காலைக்கு முதல் நாள் மாலையே எல்லாம் தொடங்கிவிட்டது. அம்மாவை அழைத்துப் போக செனவாங்கிலிருந்து பகாவுக்கு வந்து அப்பா வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். அப்பா காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

"கீழ ஈரமா இருக்கே."

"ஏர்கோன் தண்ணிப்பா. எல்லா காடிக்கும் அப்படித்தான் சொட்டும்."

"தொட்டுப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஏர்கோனிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமில்லை, வாசனையில்லை, விரலில் ஒட்டாது. ரேடியேட்டரிலிருந்து சொட்டுவது பச்சை அல்லது இளஞ்சிவப்பாக இருக்கும். பிசுபிசுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். சந்தேகமிருந்தால் காருக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் அது சொல்லிவிடும். இவ்வளவும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இழுவை லோரி வந்து காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனது. ஃபோர்மன் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பு எண்ணெய்க்குப் பதில் தே தாரேக் நிறத்தில் ஏதோ நுரைத்துக் கிடந்தது. எஞ்சின் சூடேறி, மேல்பகுதி வளைந்து, நடுவிலிருக்கும் கேஸ்கெட் போய், தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன. ரேடியேட்டரின் மேல் குழாய் வெடித்திருந்தது. புதுக் குழாயின் விலை நூறு வெள்ளிகூட வராது. எனக்கு வந்த கணக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

"விளக்கு எரிஞ்சப்பவே நிறுத்தியிருந்தா குழாயோட போயிருக்கும்" என்றார் ஃபோர்மன்.

அன்றிரவுதான் கார் வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத கையேட்டைப் பிரித்தேன். சாலைச் சந்திப்பு விளக்கின் அதே கணக்குதான் அதிலும். பச்சையும் நீலமும் தகவல். மஞ்சள் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் காட்டிவிட வேண்டும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். 'அடுத்த எண்ணெய் நிலையம் வரைக்கும்' என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

வெப்ப விளக்கு சிவப்பாக எரிந்தால் ஏர்கோனை அடைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்த வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் தவறு, இரும்பு விரிசல் விடும். பல புதிய கார்களில் வெப்ப முள்ளே கிடையாது. காலையில் எஞ்சின் சூடாகும்வரை நீல விளக்கு, அளவு மீறினால் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை.

அலாவுதீன் விளக்குபோல ஒரு படம் உண்டு. எண்ணெய் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அதைப் பலர் நினைக்கிறார்கள். எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை என்பதே அதன் பொருள். இரும்பும் இரும்பும் நேராக உரசுகின்றன என்பதால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். பாட்டரி படம் எரிந்தால் பாட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்கு மின்சாரம் ஏறவில்லை என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருக்கலாம். சில கார்களில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், அப்படியானால் அடுத்து எஞ்சினும் சூடேறும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி பிரேக்குக்கு உரியது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் அது அணையவில்லை என்றால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது ஒழுகவும் செய்யலாம்.

மஞ்சளில் எஞ்சின் படம்தான் நம்மை அதிகம் குழப்புவது. நிலையாக எரிந்தால் அந்த வாரத்துக்குள் கணினியில் பார்க்கச் சொல்லலாம். மின்னி மின்னி எரிந்தால் எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியை நாசமாக்கும், அதன் விலை குழாய், பெல்ட் விலையல்ல. ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் பிரேக் வேலை செய்யும், ஆனால் ஈரச் சாலையில் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி இருக்காது. காற்றுப்பை விளக்கு எரிந்தால் மோதலில் பை விரியாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. சாவியைத் திருப்பியவுடன் எல்லா விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அது விளக்குகளுக்கே நடக்கும் சோதனை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ அதைப் பிடுங்கியிருக்கலாம்.

இதையெல்லாம் படித்தபோது அப்பாவின் லோரி நினைவுக்கு வந்தது. ஜெராம் பாடாங், செயின்ட் ஹெலியர், கெடிஸ் என்று பகாவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள். அப்படி ஒரு தோட்டத்து லயத்தில்தான் நான் பிறந்தேன். விடியுமுன் பெரட்டு. அப்பா அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து டார்ச் விளக்கோடு லோரியிடம் போவார். முதலில் கீழே குனிந்து தரையைப் பார்ப்பார். பிறகு தண்ணீர், எண்ணெய், பிரேக் எண்ணெய். அதன்பின் ஒரு கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டுவார். நான் சில நாள் டார்ச் பிடித்திருக்கிறேன். தட்டும் சத்தத்தை வைத்தே காற்று குறைந்த டயரைச் சொல்லிவிடுவார். அந்த லோரியில் எச்சரிக்கை விளக்கு என்று சொல்ல ஒன்றிரண்டு இருந்தன, அவையும் எரியாது.

ஒரு நாள் பெரட்டு முடிந்து ஆட்கள் ஏறத் தயாராக நின்றபோது அப்பா சாவியை எடுக்க மறுத்துவிட்டார். பிரேக் எண்ணெய் நேற்றைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது. மண்டோர் கத்தினார். "நேத்து ஓடுன லோரி இன்னைக்கு ஓடாதா?" என்றார். "நேத்து எண்ணெ இருந்திச்சுங்க. பின்னால முப்பது பேரு நிக்கிறாங்க" என்றார் அப்பா. அன்று ஆட்கள் வெளிக்காட்டுக்கு நடந்தே போனார்கள். அப்பாவுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். மத்தியானம் பின் சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே பிரேக் எண்ணெய் ஒழுகி நனைந்திருந்தது. பிடித்த சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த மனிதர்தான் என் காரில் ஒரே முறை "நிறுத்து" என்று சொல்லிவிட்டு அடங்கிப் போனார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன்.

"மண்டோருகிட்ட அத்தன தூரம் நின்னீங்க. என்கிட்ட ஏம்பா இன்னொரு தடவ சொல்லல?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "லோரில ஒன்னும் கெடையாது. நம்மதான் பாக்கணும். உன் காடில கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த விளக்குக்குத் தெரிவது கொஞ்சம்தான். வெப்பத்தை அளக்கும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுதும் ஒழுகிவிட்டால் வெறும் ஆவியை அளந்துவிட்டு, எல்லாம் சரி என்றுகூடச் சொல்லலாம். டயர் ஓரம் வெடித்திருப்பதற்கும் பழைய குழாய் உப்பியிருப்பதற்கும் எந்த விளக்கும் இல்லை. தக்காத்தா காற்றுப்பைக் கோளாறுக்காக உலகம் முழுதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, மலேசியாவிலும் அழைக்கப்பட்டன. அந்தக் கோளாறுக்கும் விளக்கு எரியாது. சேஸி எண்ணைக் கொடுத்து கார் நிறுவனத்திடம் கேட்டால்தான் தெரியும். மாற்றித் தருவதற்குக் காசு வாங்குவதில்லை.

நம் நாட்டில் லோரிக்கும் பேருந்துக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஆண்டுப் பரிசோதனை இல்லை. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற நிலையத்துக்குக் கொண்டு போவதோடு சரி. காப்புறுதி எடுத்தால் சாலை வரி வந்துவிடும். பத்து வருடம் ஒரே ஆள் ஓட்டும் காரை, அவரே பார்க்காவிட்டால் சட்டப்படி வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. பெரட்டுக்கு முந்திய அப்பாவின் வேலை இப்போது நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் காத்திருக்கிறது.

அது பெரிய வேலையுமில்லை. சனிக்கிழமை காலை பத்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமமான தரையில், எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். கூலண்ட் டப்பாவிலும் பிரேக் எண்ணெய் டப்பாவிலும் கோடு இருக்கிறது, மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து தெரியும். கூலண்ட் அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் எங்கே போகிறது என்று தேட வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். தண்ணீர்க் குழாய்களை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, விரலால் அமுக்கிப் பார்க்கலாம். கல்லாகிப் போனதும் களியாகிப் போனதும் மாற்ற வேண்டியவை.

டயர் காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்கேயே ஒட்டியிருக்கும். எண்ணெய் நிலையத்து இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும், 30 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 207. டயர் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் தெரியும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம், டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் கதை முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். காப்புறுதியில் இலவச இழுவை சேவை உண்டா என்று பார்த்து, அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைப்பதும் இந்தப் பத்து நிமிடத்தில் அடங்கும். புக்கிட் புத்துஸ் ஓரத்தில் அம்மாவை வெயிலில் நிற்க வைத்துக்கொண்டு நான் அந்த எண்ணைத் தேடினேன்.

அம்மாவுக்கு மறு தேதி கிடைக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவர் மூச்சு வாங்கினால் எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மறு தேதிக்கு முதல் நாள் மாலை மறுபடியும் பகாவில் அதே வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கியதும் குனிந்து பார்த்தேன். கீழே ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தேன். நிறமில்லை, வாசனையில்லை, ஒட்டவுமில்லை.

"ஏர்கோன் தண்ணிதான்பா" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவரும் ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.