பிளேடு சர்வரும் பொது டிஸ்க்கும்

பிளேடு என்றதும் மத்தியான வகுப்பில் அறுக்கும் பேராசிரியர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் இது வேறு பிளேடு. அலமாரியில் புத்தகம் செருகுவது மாதிரி, ஒரு பெட்டிக்குள் நிறுத்திச் செருகும் மெல்லிய சர்வர். 2001-ல் ஆர்.எல்.எக்ஸ். டெக்னாலஜிஸ் கொண்டு வந்த பெட்டியில், சுமார் 13 சென்டிமீட்டர் உயரத்துக்குள் 24 சர்வர்கள் நின்றன. அடுத்த வருடம் ஐ.பி.எம்.மின் பிளேடுசென்டர் வந்தது, அதில் 14. மின்சாரம், மின்விசிறி, நெட்வொர்க் எல்லாம் பெட்டிக்குப் பொது.

இப்படி இடத்தை மிச்சம் பிடித்ததில் அடிபட்டது ஹார்ட் டிஸ்க்தான். பல பிளேடுகளில் சின்ன டிஸ்க் ஒன்றிரண்டு வைக்கத்தான் இடம் இருந்தது. அதனால் டிஸ்க்குகளைத் தனியே ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டியில் அடுக்கி, அதைத் துண்டு போட்டு, ஃபைபர் சேனல் வழியாகவோ, சாதாரண ஈதர்நெட்டில் ஐஸ்கசி வழியாகவோ ஒவ்வொரு பிளேடுக்கும் கொடுக்கும் ஏற்பாடு பரவியது. இந்தத் துண்டுக்கு 'லன்' என்று பெயர். ஆபரேட்டிங் சிஸ்டமே லன்னில் இருந்தால் இன்னும் வசதி. பிளேடு செத்தால் உருவிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகலாம். டேட்டா பத்திரமாக வெளியே இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் 'பொது' என்ற வார்த்தையில். ஸ்டோரேஜ் பெட்டிதான் பொது, லன் பொது இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு ஒரே லன்னை இரண்டு பிளேடுகளுக்குக் காட்டிவிட்டால் என்ன ஆகும்?

இ.எக்ஸ்.டி.3, என்.டி.எஃப்.எஸ். போன்ற ஃபைல் சிஸ்டம்கள், டிஸ்க் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்புகிறவை. எந்த இடம் காலி என்ற கணக்கைத் தங்கள் மெமரியில் வைத்துக்கொள்ளும். முதல் பிளேடு 500-வது பிளாக்கில் ஒரு ஃபைலை எழுதுகிறது. இரண்டாவது பிளேடின் கணக்கில் 500 இன்னும் காலி. அதுவும் அங்கேயே எழுதும். பிழைச்செய்தி எதுவும் வராது. இரண்டும் சந்தோஷமாக வேலை செய்வது போலவே தெரியும். சில நாள் கழித்து யாரோ ஒரு ஃபைலைத் திறக்கும்போது உள்ளே குப்பை இருக்கும். அதற்குள் பேக்கப்பிலும் அதே குப்பை ஏறியிருக்கும். டிஸ்க் உடைந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். (இதைத் தடுக்க இ.எக்ஸ்.டி.4-ல் ஒரு வசதி உண்டு. ஆனால் நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும்.)

பிளேடுகளில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொன்றின் ஃபைபர் சேனல் கார்டுக்கும் டபிள்யூ.டபிள்யூ.என். என்று 16 இலக்க அடையாளம் உண்டு. ஒரே லாட்டில் வந்த கார்டுகளில் கடைசி ஒன்றிரண்டு இலக்கம்தான் மாறும். எந்தக் கார்டு எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று ஸ்விட்ச்சில் ஒரு பூட்டு, எந்த லன்னைப் பார்க்கலாம் என்று ஸ்டோரேஜில் இன்னொரு பூட்டு. இரண்டுக்கும் சாவி அந்த எண்தான். பிளேடை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். அப்புறம் நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தோடு, இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும்.

ஹெச்.பி.யின் விர்ச்சுவல் கனெக்ட், 2009-ல் வந்த சிஸ்கோ யூ.சி.எஸ். போன்றவை இதற்கு வழி கண்டன. கார்டின் சொந்த எண்ணை விட்டுவிட்டு, தாங்களே ஒரு எண்ணைக் கொடுக்கும். அதிகாரம் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. புது பிளேடு வந்து உட்கார்ந்தால் பழைய எண்ணே அதற்கும் கிடைக்கும்.

உண்மையிலேயே பல பிளேடுகள் ஒரே லன்னில் எழுத வேண்டுமென்றால் வி.எம்.எஃப்.எஸ்., ஓ.சி.எஃப்.எஸ்.2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும். இவை எழுதும் முன் பூட்டு வாங்கும். பூட்டை வைத்துக்கொண்டு ஒரு பிளேடு பேசாமல் போனால்? செத்ததா, தூங்குகிறதா தெரியாது. தூங்கி எழுந்து பழைய கணக்கை எழுதிவிட்டால் வம்பு. அதனால் பல கிளஸ்டர்களில் மற்ற பிளேடுகள் அதன் மின்சாரத்தையே துண்டித்துவிடும். கொடூரம்தான், ஆனால் சரியான கொடூரம்.

இதற்கெல்லாம் பணமில்லாத இடத்திலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது பிளேடில் ஆபரேட்டிங் சிஸ்டம் போடும்போது அதன் பூட் லன்னை மட்டும் காட்டி, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். ஏனென்றால், இன்ஸ்டாலர் கண்ணுக்குத் தெரியும் எல்லா டிஸ்க்கையும் வரிசையாகக் காட்டி, எதை அழிக்கட்டும் என்று மரியாதையாகக் கேட்கும்.